தரங்கம்பாடியின் நினைவுச் சின்னங்கள்

கல் நட்டு நினைவைக் காப்பது தமிழருக்குப் புதிய வழக்கமன்று. ஆநிரை மீட்கும் போரில் வீழ்ந்த வீரனுக்கு நடுகல் எடுத்து, அதில் அவன் பெயரையும் பீடையும் பொறித்து வைத்தவர்கள் நம் முன்னோர். கோயிற் சுவர்களில் நிலக்கொடை முதல் விளக்கெரிக்கும் நெய் வரை கணக்கெழுதி வைத்தவர்களும் அவர்களே. ஆகவே, எழுத்துள்ள கல்லொன்றைக் கண்டால் சற்றே நின்று படிப்பது நமக்கு இயல்பாக வரவேண்டிய பழக்கம். எனினும், வெளி மாநிலங்களில் வாழ்ந்து, ஆண்டுக்கொரு முறை விடுமுறைக்கு ஊர் திரும்பும் நம்மில் பலருக்கு அதற்குப் பொழுது வாய்ப்பதில்லை. நாட்கள் குறைவு, உறவினர் வீடுகளோ பல. பேருந்தின் சாளரம் வழியே ஒரு கோட்டை தெரிகிறது. ஒரு வளைவு வாயில் தெரிகிறது. "பழைய காலத்துக் கட்டடம்" என்று குழந்தைகளுக்குச் சொல்லிவிட்டுக் கடந்து போகிறோம்.

அவ்வாறு கடந்து போகாமல், ஒரு சிறிய துறைமுகப் பட்டினத்தில் ஒரு மாலைப் பொழுது இறங்கி நடப்போமாக. நாம் காணப்போகும் ஊர் தரங்கம்பாடி. மயிலாடுதுறை மாவட்டத்தில், காரைக்காலுக்கு வடக்கே ஏறக்குறைய 15 கிலோமீட்டர் தொலைவில், வங்கக் கடலோரத்தில் அமைந்தது. துறைமுகம் என்று இன்று அதனைச் சொல்வது பழம்பெருமை பற்றியே. கப்பல்கள் அங்கு வருவதில்லை. மீன்பிடி படகுகளே கரையேறுகின்றன. ஆனால் 225 ஆண்டுகள் டென்மார்க் நாட்டின் கொடி பறந்த கரை அது. தமிழ் எழுத்து அச்சில் பெருக வழிசெய்த ஊர்களுள் ஒன்றும் அதுவே.

நினைவுச் சின்னம் எதனைக் கண்டாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நன்று. இதனை வைத்தவர் யார்? எப்போது வைத்தார்? இதில் பெயர் இடம்பெறாதவர் யார்? முதல் இரண்டுக்கும் விடை பெரும்பாலும் கல்லிலேயே இருக்கும். மூன்றாவது கேள்விக்குக் கல் விடை தராது. நாமே தேடிக்கொள்ள வேண்டும். இம்மூன்றையும் மனத்தில் இருத்திக்கொண்டு ஊருக்குள் நுழைவோம்.

வாயிலும் பெயரும்

ஊரின் மேற்கே நம்மை வரவேற்பது வெண்சுதை பூசிய நகரவாயில். இப்போதுள்ள வாயில் 1792ஆம் ஆண்டு பீட்டர் ஆங்கர் என்னும் டேனிய ஆளுநரின் காலத்தில் எழுப்பப்பட்டது. நார்வே நாட்டிற் பிறந்த இவர் சித்திரம் தீட்டுவதிலும் வல்லவர். தென்னாட்டுக் காட்சிகளை அவர் தீட்டிய ஓவியங்கள் இன்றும் ஆஸ்லோ நகர அருங்காட்சியகம் ஒன்றிற் காக்கப்பட்டு வருகின்றன. முற்காலத்தில் ஊரைச் சுற்றி மதில் இருந்தது. இன்று மதிலின் பெரும்பகுதி மறைந்துபோக, வாயில் மட்டும் நிற்கிறது.

வாயிலைக் கடக்குமுன் ஊரின் பெயரைப் பற்றி ஒரு சொல். 'தரங்கம்' என்றால் அலை. ஆகையால் 'அலைகள் பாடும் ஊர்' என்று பெயர்க்குப் பொருள் கூறுவது வழக்கம். கேட்பதற்கு இனிமையான பொருள்தான். ஆனால் கடற்கரையிலுள்ள மாசிலாமணிநாதர் கோயிலின் கல்வெட்டோ வேறு செய்தி சொல்கிறது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துக் கல்வெட்டு அது. அதில் ஊரின் பெயர் சடங்கன்பாடி என்றும், குலசேகரன்பட்டினம் என்பது அதன் மறுபெயர் என்றும் காணப்படுகிறது. 'பாடி' என்பது இங்குப் பாடுதலைக் குறிக்கவில்லை. குடியிருப்பைக் குறிக்கும் பழைய தமிழ்ச் சொல் அது. 'பட்டினம்' என்பதோ கடல் வாணிகம் நடந்த ஊருக்கு வழங்கும் பெயர். டேனியர் கால்வைப்பதற்கு முன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே அது பாண்டியன் பெயர் தாங்கிய பட்டினமாக இருந்தது என்பது இதனால் விளங்கும். டேனியரின் நாவிலும் பிற ஐரோப்பியர் நாவிலும் இவ்வூர்ப் பெயர் திரிந்து 'டிராங்கிபார்' ஆயிற்று. ஐரோப்பியர் வந்த நாளிலிருந்தே ஊரின் கதை தொடங்குவதாக யாரேனும் சொன்னால், அந்தக் கல்வெட்டை நாம் நினைவூட்டலாம்.

பொன் ஓலையும் கோட்டையும்

டேனியர் இங்கு வந்த வரலாறு சுவையானது. 1616ஆம் ஆண்டு, நான்காம் கிறிஸ்டியன் மன்னரின் ஆதரவில் டேனிய கிழக்கிந்தியக் கம்பெனி தோன்றியது. 1618இல் ஓவே கெத்தே என்னும் இளம் தளபதியின் தலைமையில் கப்பல்கள் புறப்பட்டன. அவர்கள் நாடிச் சென்றது இலங்கையை. அங்கு எண்ணம் ஈடேறவில்லை. முன்னோடியாகச் சென்ற கப்பலொன்று காரைக்கால் அருகே போர்த்துக்கீசியரால் தாக்கப்பட்டு அழிந்தது. அதிலிருந்து உயிர் தப்பிய ரோலண்ட் கிராப்பே என்பவர் தஞ்சை நாயக்க மன்னரின் அவையை அடைந்தார். மன்னர் இரகுநாத நாயக்கர், கலையிலும் கவிதையிலும் நாட்டம் கொண்டவர். போர்த்துக்கீசியரை மட்டும் நம்பியிராமல் வேறொரு கடல் வாணிகக் கூட்டத்தாரையும் தம் கரைக்கு வரவழைப்பதில் நன்மை உண்டு என்று கண்டவர். 1620 நவம்பரில் உடன்படிக்கை ஏற்பட்டது. டென்மார்க் மன்னருக்கு நாயக்கர் விடுத்த மடல், பனையோலை வடிவிலான பொற்றகட்டில் தமிழில் எழுதப்பட்டது. இன்றும் அது கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் உள்ளது.

இங்கு நாம் கருதவேண்டியது ஒன்றுண்டு. டேனியர் தரங்கம்பாடியைப் போரிட்டு வென்றவர்கள் அல்லர். தஞ்சை அரசுக்கு ஆண்டுதோறும் பணம் செலுத்திக் குடியேறியவர்கள். நாயக்கர்களுக்குப் பின் மராட்டியர் தஞ்சையை ஆண்டபோதும் அம்முறை தொடர்ந்தது.

அவர்கள் எழுப்பிய கோட்டையே டான்ஸ்போர்க். கடலைப் பார்த்து நிற்கும் அந்தக் கோட்டையின் கீழ்த்தளத்தில் வளைவுக் கூரைகளோடு கூடிய பண்டக அறைகளும், படைவீரர் உறைவிடமும், சிறைக்கூடமும் இருந்தன. மேல்தளத்தில் தலைவர்கள் தங்கினர். ஆழமான துறை இங்கு இல்லாமையால் கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரமிட்டு நிற்கும். துணி மூட்டைகளையும் பிற சரக்குகளையும் சலங்குகளில் ஏற்றி, கரையில் மோதும் அலைகளைக் கடந்து கப்பலுக்குக் கொண்டு சேர்த்தவர்கள் உள்ளூர்ப் படகோட்டிகள். பருத்தித் துணியே அன்றைய ஏற்றுமதியில் தலையாயது. அதனை நெய்தவர் பெயரும், வண்ணமிட்டவர் பெயரும், அலையில் நனைந்து சுமந்தவர் பெயரும் கோட்டையில் எங்கும் காணக் கிடைக்கவில்லை. நம் மூன்றாவது கேள்விக்கு முதல் விடை இது.

கோட்டையைப் பற்றி இன்னுமொரு செய்தி, வெளியூரில் வாழும் நம் நெஞ்சைத் தொடுவது. 1650ஆம் ஆண்டில் கம்பெனி கலைக்கப்பட்டது. தாய்நாட்டில் போர்; கையிற் பணமில்லை; தரங்கம்பாடியை நினைப்பார் இல்லை. 1655 முதல் கோட்டையின் பொறுப்பு எஸ்கில்ட் கொங்ஸ்பக்கே என்னும் எளிய குடியிற் பிறந்த ஒருவர் கைக்கு வந்தது. ஊரிலிருந்து கப்பல் இல்லை, ஆள் இல்லை, கட்டளை இல்லை. இருந்தும் அவர் கொடியை இறக்கவில்லை, கோட்டையைக் காத்தார், ஊருக்கு மதிலும் எழுப்பினார். 1669ஆம் ஆண்டில்தான் டென்மார்க்கிலிருந்து மீண்டும் ஒரு கப்பல் வந்து சேர்ந்தது. ஊர்க்கடிதம் ஒரு வாரம் தாமதித்தாலே மனம் வாடிய தலைமுறையினர் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். ஒரு கப்பலுக்காக ஆண்டுக்கணக்கில் கடலைப் பார்த்திருந்தவரின் நிலையை அவர்கள் நன்கு உணர்வார்கள். அவர் தனித்து அதனைச் செய்திருக்க முடியாது. சோறும் உழைப்பும் காவலும் தந்தவர்கள் சுற்றுப்புற மக்களே. கொங்ஸ்பக்கேயின் பெயர் நூல்களில் நிலைத்தது. அவரைத் தாங்கியவர்களின் பெயர் நிலைக்கவில்லை.

இராஜ வீதியும் இரு தேவாலயங்களும்

நகரவாயிலிலிருந்து கடலை நோக்கிச் செல்லும் பெருந்தெரு இராஜ வீதி. அதில் இரண்டு பழைய தேவாலயங்கள் உள்ளன. ஒன்று 1701ஆம் ஆண்டில் டேனியக் குடியினரின் வழிபாட்டுக்காகக் கட்டப்பட்ட சீயோன் தேவாலயம். மற்றொன்று 1718இல் தமிழ்க் கிறித்தவ சபைக்காக எழுந்த புதிய எருசலேம் தேவாலயம். இரண்டாவதன் முகப்பில், டென்மார்க் மன்னர் நான்காம் பிரடெரிக்கின் பெயரெழுத்துச் சின்னம் முடியோடு பொறிக்கப்பட்டுள்ளது. ஆட்சி போய் நெடுங்காலம் ஆகியும் சின்னம் அப்படியே இருக்கிறது. வழிபாடும் நின்றுபோகவில்லை.

இக்கோயிலைக் கட்டியவர் பர்த்தலோமேயு சீகன்பால்க். ஜெர்மனியில் பிறந்து, டேனிய மன்னரால் அனுப்பப்பட்டு, தோழர் புளுட்ச்சௌவுடன் 1706 ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடிக் கரையிறங்கியவர். அப்போது வயது இன்னும் 24 நிறையவில்லை. 1719 பிப்ரவரி 23ஆம் நாள் தமது 36ஆம் வயதில் மறைந்தார். இக்கோயிலிலேயே பீடத்தின் முன் அடக்கம் செய்யப்பட்டார். கடற்கரையில் அவர் இறங்கிய இடத்தைக் குறிக்கும் நினைவுச் சின்னம் உண்டு. ஊருக்குள் அவருக்குச் சிலையும் உண்டு.

ஆனால் கோட்டையின் சிறையையும் இச்சிலையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1708ஆம் ஆண்டு இறுதியில், கடன் வழக்கொன்றில் அல்லலுற்ற தமிழ்க் கைம்பெண் ஒருத்திக்காக அவர் பரிந்து பேசினார். டேனியத் தளபதி சினந்து அவரைக் கைது செய்தார். ஏறக்குறைய நான்கு மாதம் அவர் கோட்டையிற் சிறையிருந்தார். தம் நாட்டு மன்னர் அனுப்பிய ஒருவரையே சிறையிட்ட கோட்டை, இன்று அவர் பெயரைச் சொல்லி விருந்தினரை வரவேற்கிறது. ஒரு காலத்தில் அதிகாரத்துக்கு ஆகாதவராக இருந்தவர், மற்றொரு காலத்தில் சிலையாக நிற்பது வரலாற்றில் வியப்பன்று. அந்தக் கைம்பெண்ணுக்குத்தான் இன்னும் ஒரு கல்லும் இல்லை.

எழுத்தும் காகிதமும்

சீகன்பால்க் தமிழ் கற்ற விதம் நாம் நினைவிற்கொள்ளத் தக்கது. திண்ணைப் பள்ளியின் வயதான ஆசிரியர் ஒருவரிடம் சிறுவர்களோடு சிறுவராக மணலிற் குந்தியமர்ந்து, விரலால் எழுத்துக்களை எழுதிப் பழகினார். ஓலைச் சுவடிகளை ஆர்வத்தோடு சேர்த்தார். 1708ஆம் ஆண்டிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களுக்கு விளக்கப் பட்டியல் ஒன்றைத் தொகுத்தார். தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி 1713இல் அவர் எழுதி முடித்த நூல், ஐரோப்பாவில் அவரை அனுப்பியவர்களுக்கு உவப்பாக இல்லை. 1867இல்தான் அது சென்னையில் அச்சேறியது.

1712ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து அச்சு இயந்திரம் வந்தது. மறு ஆண்டு ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துக்கள் வந்து சேர்ந்தன. ஆனால் அவ்வெழுத்துக்கள் மிகப் பெரியவை. சில வரிகளிலேயே ஒரு பக்கம் நிரம்பிவிடும். காகிதமோ அயல்நாட்டிலிருந்து வரவேண்டிய பொருள். ஆகவே அருகிலுள்ள பொறையாரில் சிறிய எழுத்துக்களை வார்த்தெடுத்தனர். அங்கேயே காகிதப் பட்டறை ஒன்றும் தொடங்கினர். பட்டறை நீடித்து நிற்கவில்லை. ஆயினும் 'கடுதாசிப்பட்டறை' என்ற இடப்பெயர் அப்பகுதியில் நின்றுவிட்டது. கல்லும் இல்லை, பலகையும் இல்லை. மக்கள் நாவே அதற்கு நினைவுச் சின்னம். புதிய ஏற்பாட்டின் தமிழ் மொழிபெயர்ப்பு இங்குதான் 1714, 1715ஆம் ஆண்டுகளில் அச்சாயிற்று.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். 'இந்தியாவின் முதல் அச்சகம்', 'தமிழின் முதல் அச்சு நூல்' என்றெல்லாம் தரங்கம்பாடியைப் பற்றிச் சிலர் சொல்வதுண்டு. அது சரியன்று. கோவாவில் 1556இலேயே அச்சுக்கூடம் அமைந்தது. தமிழ் எழுத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்னும் நூல் 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது. அண்டிரிக் அடிகளார் என்று நம்மவர் வழங்கிய ஹென்ரிக் ஹென்ரிக்கஸ் அதனை ஆக்கினார். தரங்கம்பாடியின் உண்மைப் பெருமை வேறு. அச்செழுத்தும் காகிதமும் இந்த மண்ணிலேயே ஆக்க முயன்று, அச்சுத் தொழில் வேரூன்ற வழிசெய்தது அதன் பெருமை. ஒன்றை 'முதல்' என்று சொல்லும் பலகையைக் கண்டால், எதனுள் முதல், எந்த ஆண்டில் முதல் என்று கேட்டறிவது படிப்பவர் கடமை. மிகைப்படுத்திச் சொன்னால்தான் ஊர் உயரும் என்பதில்லை.

பெயர் மறைந்த தமிழர்

சீகன்பால்க்குக்குச் சிலை வைத்தார்கள். அவருக்குத் தமிழுலகின் கதவைத் திறந்துவிட்டவர்கள் யார்? ஜெர்மன் கடிதங்களில் 'அலெப்பா' என்று குறிக்கப்படும் அழகப்பன் அவர்களுள் தலையானவர். கம்பெனியின் தலைமைத் துபாஷாக இருந்தவர். போர்த்துக்கீசு, டேனியம், ஜெர்மன், டச்சு ஆகிய மொழிகளை அறிந்தவர். சீகன்பால்க்குக்குத் துணையாக இருந்தமையால் துன்புற்று, ஊரைவிட்டே வெளியேற்றப்பட்டார். இரண்டு உலகங்களுக்கு இடையே நின்று சொல் பெயர்த்தவருக்கு இரு பக்கமும் இன்னல் நேர்ந்தது.

மலையப்பன் என்னும் இளைஞர் 1714இல் சீகன்பால்க்குடன் கப்பலேறி ஐரோப்பா சென்றார். வழியெல்லாம் அவருக்குத் தமிழ்த்துணையாக இருந்து, 1716இல் ஊர் திரும்பினார். அந்நாளில் ஒரு தமிழர், பனி பெய்யும் வடநாட்டில் எதை உண்டார், எதை உடுத்தார், ஊர் நினைவு வந்தபோது யாரிடம் பேசினார் என்பதையெல்லாம் நாம் எண்ணிப் பார்க்கலாம். வேலைக்காக மொழி தெரியாத ஊரில் முதன்முதல் சென்று இறங்கிய எவருக்கும் மலையப்பன் உறவினரே. ஆரோன் என்னும் தமிழர் 1733இல் இவ்வூரிற் குருப்பட்டம் பெற்றார். இந்தியரில் அப்பட்டம் பெற்ற முதல் லுத்தரன் குரு அவரே. ஊரைக் காண வருபவர்களுள் எத்தனை பேர் இப்பெயர்களைத் தெரிந்துகொண்டு திரும்புகிறார்கள்?

மதிலுக்குட்பட்ட சிறிய ஊரிலேயே பள்ளிவாசலும், கோயில்களும், தேவாலயங்களும், பொற்கொல்லர் தெருவும் அமைந்திருந்தன. கடலோரத்தில் மீனவர் குடியிருப்பு. வாணிகம் நடந்தது இத்தனை பேருடைய கையாலும் காலாலும். பழைய வீடுகள் சில அண்மைக் காலத்தில் மரபு முறைப்படி பழுதுபார்க்கப்பட்டுள்ளன. அவற்றின் திண்ணையும், முற்றமும், மரத்தூண்களும் கோட்டையைப் போலவே ஊரின் வரலாற்றுச் சான்றுகள்தாம்.

துறை ஓய்ந்த கதை

செழித்த துறை ஏன் ஓய்ந்தது? நெப்போலியன் காலப் போர்களின்போது டென்மார்க் பிரிட்டனுக்கு எதிரணியில் நின்றமையால், 1801இலும், பின்னர் 1808 முதல் 1815 வரையிலும் ஆங்கிலேயர் இவ்வூரைக் கைப்பற்றி வைத்திருந்தனர். வாணிகம் நொடிந்தது. 1845ஆம் ஆண்டில் டென்மார்க் தன் இந்தியக் குடியேற்றங்களைப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றுவிட்டது. சில காலம் தஞ்சை மாவட்ட ஆட்சியரின் அலுவலகம் இங்கு இருந்தது. 1860இல் அது தஞ்சாவூருக்குப் போயிற்று. அதையடுத்து நாகப்பட்டினத்திலிருந்து ரயில் பாதை உள்நாட்டுக்குச் சென்றது. சரக்கும் அதன் பின்னே சென்றது. மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு 1926இல் வந்த கிளைப் பாதையும் 1980களில் மூடப்பட்டது. போரும், விற்பனையும், ரயிலும் சேர்ந்து ஒரு துறைமுகத்தை உறங்க வைத்தன. வளர்ச்சி வேறிடம் போனமையால்தான் பழைய கட்டடங்கள் இடிபடாமல் எஞ்சின என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கோட்டை இன்று தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறையினரால் பாதுகாக்கப்படும் சின்னம். 1979 முதல் அதில் அருங்காட்சியகம் இயங்கி வந்திருக்கிறது. டென்மார்க் நாட்டு அன்பர்களும் பழுதுபார்க்கும் பணியிற் பங்குகொண்டிருக்கிறார்கள். ஆனால் காலத்தைவிடக் கடுமையான பகைவன் ஒருவன் இவ்வூருக்கு உண்டு. அவனே கடல். மாசிலாமணிநாதர் கோயிலின் முற்பகுதியை அலைகள் கொண்டுபோயின. எஞ்சிய பகுதி திருப்பணி பெற்று நிற்கிறது. கரையில் பாறைகளைக் கொட்டி அரண் செய்திருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையில் நூற்றுக்கணக்கானோரின் உயிரைப் பறித்தது. ஆண்டுதோறும் அந்நாளில் கடலோர மக்கள் மலர்தூவி, பாலூற்றி அஞ்சலி செலுத்துகிறார்கள். ஆளுநர்களின் பெயரைப் படிக்க வருகிறவர்கள், அவர்களுக்காகவும் ஒரு நிமிடம் தலைகுனிந்து நிற்பதே முறை. அந்தப் பெயர்களைச் சொல்லி அழுவதற்குத் தாயும் மகனும் இன்னும் இருக்கிறார்கள்.

நாம் வாழும் இடங்களில்

தரங்கம்பாடிக்குப் போக இயலாத அன்பர்களுக்கும் அதன் சுவடுகள் அருகிலேயே கிடைக்கலாம். கொல்கத்தாவில் வாழும் தமிழர்கள் ஹௌராவில் புறநகர் ரயிலேறினால் ஸ்ரீராம்பூர் போய் இறங்கலாம். ஹூக்ளி நதிக்கரையிலுள்ள அவ்வூர் 1755இல் டேனியர் வசமாகி, தரங்கம்பாடியின் மேற்பார்வையில் வளர்ந்தது. 1845இல் இரண்டு ஊர்களும் ஒரே விலைச்சீட்டில் கைமாறின. அங்குள்ள புனித ஓலாவ் தேவாலயத்தின் முகப்பிலும் தரங்கம்பாடியிற் கண்டது போன்றே டேனிய மன்னரின் பெயரெழுத்துச் சின்னம் உண்டு. அத்தேவாலயம் பழுதுபார்க்கப்பட்ட சிறப்புக்காக 2016இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருதைப் பெற்றது. போர்ட் பிளேயரில் வாழும் அன்பர்களுக்கும் தொடர்புண்டு. 1756இல் தரங்கம்பாடியிலிருந்து சென்ற டேனியர் நிகோபார்த் தீவுகளைத் தமதென அறிவித்தனர்; காய்ச்சலால் குடியேற்றம் தழைக்கவில்லை; 1868இல் அவ்வுரிமையை ஆங்கிலேயருக்கு விட்டுக்கொடுத்தனர்.

இவை எதுவும் அருகில் இல்லையெனினும், நம் வீட்டுச் சமையலறையில் தரங்கம்பாடியின் அடையாளம் ஒன்று இருக்கிறது. தாவர இயல் அறிஞர் லின்னேயஸின் மாணவர் யோகான் கெர்ஹார்ட் கோனிக் என்பவர் 1768இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தார். இங்குள்ள செடிகொடிகளைத் தேடித்தேடிச் சேர்த்துத் தம் ஆசிரியருக்கு அனுப்பினார். 1771ஆம் ஆண்டு ஒரு தமிழ்நாட்டு மரத்துக்கு அறிவியற் பெயரிடும்போது, லின்னேயஸ் மாணவரின் பெயரை அதில் நிறுத்தினார். 'கோனிகி' என்று முடியும் அப்பெயருக்குரிய மரம், நம் கறிவேப்பிலையே. ரசத்துக்குத் தாளிக்கும்போது, தரங்கம்பாடியில் உலவிய ஒரு மருத்துவரின் பெயரும் அந்த இலையோடு சேர்ந்திருக்கிறது. அந்த இலையை அவருக்குக் காட்டிப் பெயர் சொன்ன உள்ளூர்க்காரர் யார் என்று மட்டும் எவரும் எழுதி வைக்கவில்லை.

ஆகவே அன்பர்களுக்கு நாம் கூற விரும்புவது இதுதான். அடுத்த விடுமுறையில் ஊர் செல்லும்போது, நம் ஊரிலோ அருகிலோ உள்ள ஒரு கல்லையேனும் நின்று படிப்போம். குழந்தைகளையும் உரக்கப் படிக்கச் செய்வோம். அதன்பின் ஊர்ப் பெரியவர் ஒருவரை அணுகி, "இக்கல்லில் எழுதாமல் விட்டது என்ன, ஐயா?" என்று கேட்போம். அவர் சொல்லும் பெயர்களையும் இடங்களையும் ஒரு குறிப்பேட்டில் ஆண்டு, நாளோடு எழுதி வைப்போம். நாம் பிழைக்க வந்த ஊரிலும் இவ்வாறே செய்வோம். அங்குள்ள கற்களும் யாரோ ஒருவருடைய ஊரின் கதையைத்தான் சொல்கின்றன. பெரியவர்கள் என்றும் இருக்கப் போவதில்லை. தரங்கம்பாடிக் கோயிலின் முற்றத்தைக் கொண்டுபோன கடல், அங்கே என்னென்ன எழுத்துக்கள் இருந்தன என்று நம்மைக் கேட்டுவிட்டுக் கொண்டுபோகவில்லை.